அடுத்த வருஷம் முழங்கைக்குத் தெரியாது

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கேன்டீனில் புளியோதரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டோம். எங்கள் ஊர் பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பிலடெல்பியாவில் ஆடிக்கொண்டிருந்தது. பந்து வீசியவர் பால் ஸ்கீன்ஸ். ஆறரை அடி உயரம், இன்னும் 23 வயது நிறையவில்லை, மீசையைப் பார்த்தால் மட்டும் அந்தக் காலத்து ரயில்வே கார்டு மாதிரி இருக்கும்.

எட்டு இன்னிங்ஸையும் அவரே வீசினார். விட்டது ஒரே ஒரு ரன். ஆட்டம் 1-0. தோற்றது நாங்கள்.

பேஸ்பால் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியை ஆடவே மாட்டார்கள். அதனால் வெளியூர் பிட்சர் எட்டு இன்னிங்ஸ் வீசித் தோற்றாலும் அது முழு ஆட்டம் வீசிய கணக்கில் சேரும். பெரிய லீகில் ஸ்கீன்ஸ் வீசிய முதல் முழு ஆட்டம் அது. ஒரு பிட்சர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டிவைக்க வேண்டிய நாள். எங்கள் பேட்டர்கள் அவருக்குக் கொடுத்த பரிசு முட்டை.

"அப்பா, ஒரே ஒரு ரன்கூடவா இவங்களால அடிக்க முடியாது?" என்று பையன் கேட்டான். அவனுக்குப் பதினொரு வயது.

"டிவியை அணைச்சிட்டுச் சாப்பிடுங்க ரெண்டு பேரும். புளியோதரை தொண்டையில நிக்கப்போகுது" என்றாள் என் மனைவி.

அந்த சீசன் முடிந்தபோது ஸ்கீன்ஸின் கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன் சராசரி 1.97. ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடத் தராத ஒருவர் பாதிக்குப் பாதி தோற்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது அவருடைய திறமை அல்ல. ஹோம் ரன் என்பது நம் சிக்ஸர் மாதிரி. அந்த எண்ணிக்கையில் 30 அணிகளில் நாங்கள் கடைசி.

*

நான் பிட்ஸ்பர்க்குக்கு வந்தது 2009இல், படிக்க. திண்டுக்கல்லில் தெருக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனுக்கு முதலில் பேஸ்பால் பிடிபடவில்லை. மூன்று மணி நேரத்தில் பாதி நேரம் எல்லோரும் எச்சில் துப்பிக்கொண்டு நிற்கிறார்களே என்று தோன்றியது. ஆனால் டிக்கெட் மலிவு. அணி அவ்வளவு மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் இன்னொரு வசதி, பிஎன்சி பார்க்கில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். மாணவனுக்கு வேறென்ன வேண்டும்? தயிர்சாத டப்பாவோடு மேல் அடுக்கில் உட்கார்ந்து ஆட்டம் கற்றுக்கொண்டேன்.

2001இல் திறந்த அந்த மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அலெகெனி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆட்ட நாளில் நகரத்திலிருந்து மஞ்சள் நிற ராபர்ட்டோ கிளமென்டே பாலத்தின் மேல் நடந்தே போய்விடலாம், வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்தால் எதிரே ஆறு, பாலம், அதற்குப் பின்னால் நகரத்தின் கட்டடங்கள். சாயங்கால ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில் விளக்குகள் ஏறும்போது ஸ்கோரைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. எங்கள் ஸ்கோருக்கு அது நல்லதுதான். இடையில் பியரோகி ஓட்டம் வேறு. பியரோகி என்பது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இந்த ஊருக்குக் கொண்டுவந்த கொழுக்கட்டை. அந்தக் கொழுக்கட்டை வேஷம் போட்டவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவருவார்கள். எங்கள் ஊரில் சில வருடங்களில் அதுதான் அன்றைய விறுவிறுப்பான போட்டி.

வலதுபக்கச் சுவரின் உயரம் 21 அடி. கிளமென்டேயின் சட்டை எண் 21, அதற்காக. பொர்ட்டோ ரிகோவிலிருந்து வந்து இந்த அணிக்காக மட்டுமே ஆடியவர், சரியாக 3,000 ஹிட் அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச்சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். இந்த ஊரில் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தானாகவே இறங்கும்.

அணி கடைசியாக உலகத் தொடரை, அதாவது லீகின் கோப்பையை, வென்றது 1979இல். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வேறு எந்த அணியும் இவ்வளவு நீளத்துக்குத் தோற்றதில்லை. நான் வந்து சேர்ந்தது அதன் பதினேழாவது வருடம். சனி திசையின் கடைசிக்கட்டத்தில் கல்யாணமாகி வந்த மருமகள் மாதிரி.

*

2013 அக்டோபர் 1ஐ என்னால் மறக்க முடியாது. 21 வருடத்துக்குப் பிறகு இந்த ஊரில் பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் ஆட்டம். சின்சினாட்டியோடு ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட் கிடைத்தது. கூட்டம் முழுக்கக் கறுப்புச் சட்டை. திருப்பரங்குன்றம் தேரிழுப்பில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தபோது கேட்டதற்குப் பிறகு அப்படியொரு சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

சின்சினாட்டியின் பிட்சர் ஜானி க்வேட்டோ. இரண்டாவது இன்னிங்ஸில் மார்லன் பேர்ட் ஒரு ஹோம் ரன் அடித்ததும் கூட்டம் அவர் பெயரை இழுத்து ராகம் போட ஆரம்பித்தது: "க்வே...ட்டோ... க்வே...ட்டோ..." நாற்பதாயிரம் பேர். க்வேட்டோ பிட்சர் நிற்கும் மேட்டின் மேல் நின்று கையில் பந்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பந்து கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வெறுமனே விழுந்தது, அவ்வளவுதான். ஒரு கணம் கூட்டமே மூச்சைப் பிடித்தது, அப்புறம் கூரையில்லாத மைதானத்துக்கும் கூரை பிய்ந்தது. அவர் பந்தை எடுத்துத் துடைத்து அடுத்து வீசியதை ரஸ்ஸல் மார்ட்டின் இடதுபக்கம் தூக்கி அடித்தார். ஹோம் ரன். என் பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் கையிலிருந்த பீர் என் முதுகு முழுக்க.

2014இலும் 2015இலும் மறுபடி பிளேஆஃப். 2015இல் 98 வெற்றி. இரண்டு முறையும் ஒற்றை ஆட்டத்தில் வெளியேறினோம், ஒரு முறை பம்கார்னர் என்ற பிட்சரிடம், ஒரு முறை அரியெட்டா என்ற பிட்சரிடம். ஒரு ரன்கூட அடிக்காமல். சரி, விளையாட்டில் அப்படியும் நடக்கும். அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. 98 ஆட்டம் ஜெயித்த அணிக்கு அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் என் கோபம் ஆரம்பிக்கிறது.

*

முதலாளி பெயர் பாப் நட்டிங். மேற்கு வர்ஜீனியாவில் செய்தித்தாள் தொழில் செய்யும் குடும்பம். 2007 முதல் அணியின் முதன்மை உரிமையாளர். இதே ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் ஐஸ் ஹாக்கி அணிக்கும் கோப்பைகளுக்குக் குறைவில்லை. அந்த இரண்டு லீகிலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பேஸ்பாலில் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் அணி வருடத்துக்கு 300 மில்லியன் டாலருக்கு மேல் சம்பளம் கொடுக்கும், நாங்கள் பட்டியலின் அடிப்பகுதியில் இருப்போம். பணக்கார அணிகளின் வருமானத்தில் ஒரு பங்கு சின்ன ஊர் அணிகளுக்கு வரும். அந்தப் பணத்தை ஆட்டக்காரர்களுக்குச் செலவழிப்பதில்லை என்று 2018இல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள்மேல் புகார் கொடுத்தது. அதில் ஒன்று எங்களுடையது. அணி அதை மறுத்தது.

கணக்கு வழக்கு எனக்குத் தெரியாது, அதைத் தணிக்கைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த கணக்கு என் அலமாரியில் மடித்துவைத்திருக்கும் டி-ஷர்ட்டுகள்.

முதலாவது 22, ஆண்ட்ரூ மெக்கச்சன். 2013இன் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். இரண்டாவது 45, கெரிட் கோல். 2011 டிராஃப்டின், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும் நிகழ்ச்சியின், முதல் தேர்வு. 2018 ஜனவரி 13ஆம் தேதி கோலை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மெக்கச்சனை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. அந்த வருடம் பொங்கல் 14ஆம் தேதி. போகியன்று ஒருவர், மாட்டுப் பொங்கலன்று இன்னொருவர். பழையன கழிதல் என்று நாம் சொல்வதை இந்த அணி எங்கே கற்றுக்கொண்டதோ! மெக்கச்சன் ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார், அதனால் 22 தப்பித்தது. 45 இப்போது காரைத் துடைக்கிற துணி.

அதே வருடம் ஜூலை 31 அன்று அதிசயமாக ஒரு முறை மனம் துணிந்து ஒருவரை வாங்கினார்கள். தம்பாவிலிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சர். அவருக்காகக் கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், கூடவே ஷேன் பாஸ். ஆர்ச்சர் இங்கே சோபிக்கவில்லை, 2020இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த சீசனில் ஒரு பந்துகூட வீசவில்லை. கிளாஸ்னோ தம்பாவுக்காக உலகத் தொடரில் வீசினார், 2025இல் லாஸ் ஏஞ்சலஸோடு கோப்பையையே தூக்கினார். இந்த டிரேடைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது யாரும் பேசக்கூடாது என்று எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு.

*

இனி மூன்றாவது டி-ஷர்ட். எண் 50. அதற்கு முன்னால் உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள்.

உள்ளங்கையை மேலே பார்த்தபடி மேஜையில் வையுங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றோடொன்று தொட்டு, மணிக்கட்டை லேசாக உங்கள் பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு மாதிரி புடைத்து நிற்கிறதா? அது ஒரு தசைநாண். அது இல்லாமலே பிறக்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அதாவது உடம்பில் சும்மா கிடக்கிற ஒரு துண்டு.

1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை டாமி ஜான் என்ற பிட்சரின் வலது கையிலிருந்து உருவி எடுத்தார். இடது முழங்கையின் எலும்புகளில் துளை போட்டு, எட்டு வடிவத்தில் அந்தத் தசைநாணைக் கோத்துக் கட்டினார். நூற்றில் ஒரு பங்குதான் பிழைக்க வாய்ப்பு என்பது டாக்டரின் மதிப்பீடு, கைக்கு. டாமி ஜான் 1989 வரை வீசினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றி. இன்று அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர். ரசிகர்கள் "டாமி ஜான் பண்ணிக்கிட்டான்" என்று, குடல்வால் எடுத்த மாதிரி சொல்வார்கள்.

கிழிவது முழங்கையின் உள்பக்க லிகமென்ட், எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நார். சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. பந்தை வீசும்போது கை பின்னால் மடங்கி முன்னால் சாட்டை மாதிரி வெட்டி வருகிறதே, அந்த இழுப்பை இதுதான் தாங்குகிறது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தி வீசினால் எறிதல் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நம் வேகப் பந்துவீச்சாளர்கள் அடியை முதுகில் வாங்குகிறார்கள், பும்ராவைக் கேட்டால் தெரியும். பேஸ்பாலில் எறிவதுதான் தொழில். அடி முழங்கைக்கு. தசையை உடற்பயிற்சியால் ஏற்றலாம், லிகமென்ட்டை அப்படி ஏற்ற முடியாது. ஆனால் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2008இல் சராசரி ஃபாஸ்ட்பால் மணிக்கு 91 மைல் சொச்சம், 2024இல் 94ஐத் தாண்டிவிட்டது. லீகே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் வீசுவதுதான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் 98 மைல் வீசுகிறவனுக்குத்தான் வேலை.

எண் 50, ஜேம்சன் டெய்லன். 2010 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு. முன்னால் போனவர் பிரைஸ் ஹார்ப்பர், பின்னால் போனவர் மேனி மச்சாடோ. இரண்டு பேரும் பின்னாளில் 300 மில்லியன் டாலர் ஒப்பந்தக்காரர்கள். டெய்லனுக்கு 2014 ஏப்ரலில் டாமி ஜான். 2015இல் குடலிறக்கம். 2016இல் ஒருவழியாகப் பெரிய லீகுக்கு வந்தார். 2017 மே மாதம் விதைப்பைப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தே வாரத்தில் மேட்டில் ஏறி நின்றார். 2018இல் 14 வெற்றி, அப்பாடா என்றோம். 2019 ஆகஸ்டில் மறுபடி முழங்கை, மறுபடி கத்தி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதையை என் பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஒரே ஆளுக்கு நாலு தாழி உடையும் என்று சொன்னதில்லை. 2021 ஜனவரியில், அவர் தேறி வரும் சமயத்தில், நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த டி-ஷர்ட்டைத் துடைக்கிற துணியாக்க எனக்கு மனம் வரவில்லை. இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறேன்.

அப்புறம் வரிசையாக வந்தது. 2023இல் ஜே.டி. ப்ரூபேக்கர். அதே வருட டிசம்பரில் யோஹான் ஒவியெடோ. 2024இல் ஜாரெட் ஜோன்ஸ் என்று ஒரு பையன் வந்தான், நூறு மைல் வீசினான், ஸ்கீன்ஸும் அவனும் சேர்ந்து பத்து வருடம் பின்னிவிடுவார்கள் என்று ஊரே கனவு கண்டது. 2025 மார்ச்சில் முழங்கையில் வலி என்றார்கள். ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். மே மாதம் அறுவை சிகிச்சை. செய்தி என் போனில் வந்தபோது நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு மேனேஜர், "வீட்ல எல்லாரும் நல்லாதானே இருக்காங்க?" என்று கேட்டார். ஜோன்ஸுக்கு முழங்கை போச்சு என்றேன். அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். மீட்டிங் அத்தோடு முடிந்தது.

*

ஜூன் மாதம் என் பையனும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

லிட்டில் லீகில் 11, 12 வயதுக்காரர்கள் ஒரு நாளைக்கு 85 பந்துக்குமேல் வீசக்கூடாது, 66ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. அதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவன் வார இறுதியில் வேறொரு அணிக்கும் ஆடிக்கொண்டிருந்தான். அங்கே வீசியதை இங்கே யாரும் எண்ணவில்லை. இங்கே வீசியதை அங்கே எண்ணவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் வேகத்தை. பக்கத்தில் இருந்த இன்னொரு அப்பா கையில் ரேடார் கருவி, அதில் எண் ஏற ஏற எனக்குள் ஏதோ ஏறியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இந்த வயதில் லிகமென்ட் கிழிவதற்கு முன்னால் எலும்பின் வளரும் நுனிதான் நோகும் என்றார். கிழியவில்லை. இரண்டு மாதம் பந்தைத் தொடக்கூடாது. பையன் ஒரு வார்த்தை பேசாமல் வந்து காரில் உட்கார்ந்தான். "நான் ஜாரெட் ஜோன்ஸ் மாதிரி ஆயிடுவேனாப்பா?" என்றான். வேகத்தைச் சொன்னானா காயத்தைச் சொன்னானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முழங்கை எப்படிப்பட்ட பொருள் என்று அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. அது கெட்டுப்போகும் பொருள். பால் மாதிரி, பூ மாதிரி. உறையில் தேதி மட்டும் போட்டிருக்காது.

முதலாளியின் ஆதரவாளர்கள், அப்படியும் சிலர் உண்டு, ஒரு வாதம் வைப்பார்கள். கோலைத் தள்ளிவிட்டது நல்லதுதானே, 2025 மார்ச்சில் அவருக்கும் டாமி ஜான் ஆகிவிட்டதே? கிளாஸ்னோவுக்கு 2021இல், பாஸுக்கு 2022இல். எல்லாம் கிழிந்த கை. கிழியப்போவதை முன்கூட்டியே விற்றது புத்திசாலித்தனம் இல்லையா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோல் இங்கிருந்து போனதற்கும் முழங்கை கிழிந்ததற்கும் நடுவில் ஏழு வருடம் இருக்கிறது. அந்த ஏழு வருடத்தில் ஹூஸ்டனை உலகத் தொடருக்கு அழைத்துப்போனார். நியூயார்க்கில் 324 மில்லியன் டாலருக்கு ஒன்பது வருட ஒப்பந்தம் போட்டார், 2023இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். கை எப்படியும் ஒரு நாள் கிழியும், அதை யாராலும் தடுக்க முடியாது, நட்டிங்காலும் முடியாது. அதற்காக அவரை நான் திட்டவும் இல்லை. கை நன்றாக இருக்கிற காலத்தில் அது எந்த ஊரில் இருக்கிறது, சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் முதலாளி கையில் இருக்கிறது. கோலை இழந்த நியூயார்க் 2025இல் 94 ஆட்டம் ஜெயித்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே மேக்ஸ் ஃபிரீடை 218 மில்லியன் கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு கை போனால் இன்னொரு கை. எங்களுக்கு ஜோன்ஸின் கை போனால் வேண்டுதல்தான்.

சரி, நியூயார்க்கை விடுங்கள், அவர்கள் பணக்காரர்கள். மில்வாக்கி? சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் எங்களைவிடச் சின்ன ஊர். 2025இல் 97 வெற்றி, லீகிலேயே அதிகம். கிளீவ்லாண்டும் தம்பாவும் கஞ்சத்தனமாக இருந்தே ஜெயித்திருக்கிறார்கள். அதனால் சின்ன ஊர் என்ற சாக்கு என்னிடம் செல்லாது. இங்கே கேட்கும் ஒரே பதில் "பொறுமையாக இருங்கள், இளைஞர்கள் வளர்ந்து வருகிறார்கள்" என்பது. 2021இல் 101 தோல்வி, பொறுத்தோம். 2022இல் 100 தோல்வி, பொறுத்தோம். ரசிகனுக்குப் பொறுமை இருக்கிறது, 20 வருடம் பொறுத்த ஊர் இது. முழங்கைக்குக் கிடையாது. நட்டிங் சேமித்துவைப்பதாக நினைப்பது பணத்தை. அவர் செலவழித்துக்கொண்டிருப்பது ஸ்கீன்ஸின் லிகமென்ட்டை.

2025இல் ஸ்கீன்ஸின் சம்பளம் 875,000 டாலர். விதிப்படி 2029 சீசன் வரை அவர் எங்கள் ஆள், அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று திண்டுக்கல் களத்துமேட்டில் யாரும் பாடம் எடுத்ததில்லை, காற்று வந்தால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவார்கள். இங்கே இப்போது காற்றில்லை, புயலே அடிக்கிறது. முறத்தை வாங்கலாமா வேண்டாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

*

2025 ஏப்ரல் ஒரு மாதிரியான மாதம். உள்ளூர் முதல் ஆட்டத்தன்று மைதானத்துக்கு மேலே ஒரு குட்டி விமானம் பறந்தது, வாலில் "அணியை விற்றுவிடு பாப்" என்று பதாகை. ரசிகர்களே வாடகைக்கு எடுத்தது. கூட்டமும் அதையே கோஷமாகப் போட்டது. சிரித்துக்கொண்டே போட்டோம் அப்போது.

அடுத்து வந்ததுக்குச் சிரிப்பு வரவில்லை. வலதுபக்கச் சுவரில் இருந்த கிளமென்டேயின் 21 அடையாளத்தை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரம் வைத்திருந்தார்கள். அவர் மகன் மனம் நொந்து பேசிய பிறகு எண் திரும்பி வந்தது. அதே மாதம் செங்கல் விவகாரம். மைதானம் கட்டிய காலத்தில் ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயரையும், இறந்துபோன அப்பா தாத்தா பெயரையும் பொறித்து வெளி நடைபாதையில் பதித்த செங்கற்கள். அவை ஒரு மறுசுழற்சிக் களத்தில் குவியலாகக் கிடக்கும் படம் வெளியானது. அணி வருத்தம் தெரிவித்து மாற்று ஏற்பாடு செய்வதாகச் சொன்னது. சொல்லட்டும். நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர் வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதில் பெயர் எழுதிவைப்பார், நாம் கிண்டல் செய்வோம். அந்தப் பெயரை அழித்துப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று.

மே 8 அன்று அணியின் மேனேஜர் டெரெக் ஷெல்டனை வேலையைவிட்டு நீக்கினார்கள். அப்போது அணி 12 வெற்றி, 26 தோல்வி. சமையலுக்குப் பருப்பே வாங்கித் தராமல் சாம்பார் சரியில்லை என்று சமையற்காரரை அனுப்பிய மாதிரி. கடைசியில் 71 வெற்றி, 91 தோல்வி.

அப்புறம் ஏன் போகிறாய், டிக்கெட் வாங்காமல் இருந்தால் அவருக்கு உறைக்குமே என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஓக்லாண்டைப் பார்த்தவன் நான். அங்கேயும் முதலாளியைப் பார்த்து விற்றுவிடு என்றார்கள், 2023 ஜூனில் ஒரு நாள் மைதானத்தில் பெருங்கூட்டம் சேர்த்துக்கூடக் காட்டினார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே கடைசி ஆட்டம். அணி ஊரைவிட்டே போய்விட்டது. போகாவிட்டால் கூட்டமில்லை என்று கை விரிப்பார்கள், போனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். நான் போகிறேன். பாலம் அழகாக இருக்கிறது. பையனுக்குக் கொழுக்கட்டை ஓட்டம் பார்க்க வேண்டும்.

*

நவம்பர் 12 அன்று சை யங் விருது அறிவித்தார்கள். ஸ்கீன்ஸுக்கு 30க்கு 30 முதலிட ஓட்டு. வெளியே இலை உதிர்ந்து முடிந்திருந்தது, எங்கள் வீட்டில் மட்டும் தீபாவளி மிச்சம் இருந்த மாதிரி சத்தம். பையனின் முழங்கை சரியாகிவிட்டது, இப்போது வீசும் ஒவ்வொரு பந்தையும் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் நானே கோடு போட்டு எண்ணுகிறேன். டி-ஷர்ட் போதாது, நிஜமான ஜெர்சி வேண்டும், எண் 30, முதுகில் பெயரோடு என்று அன்றிரவே கேட்டான்.

விலையைப் பார்த்துவிட்டு மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வளர்ற பிள்ளை. ரெண்டு சைஸ் பெருசா எடுங்க. நாலு வருஷத்துக்கு வரும்."

2025உடன் நாலைக் கூட்டிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்ன அளவையே வாங்கினேன்.

போன வாரம் பெட்டி வந்தது. கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தான். தோள் இறங்கி, அரைக்கை சட்டை முழங்கைக்குக் கீழே வரை தொங்கியது.